சிங்க்ஹோல்: பாறையை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்துக் கிளெர்மான்ட் ஊரில், டிஸ்னி வேர்ல்டுக்குப் பக்கத்தில், சம்மர் பே என்றொரு சுற்றுலா விடுதி. 2013 ஆகஸ்ட் 11 இரவு பத்தரை மணி வாக்கில் அதன் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் ஜன்னல் கண்ணாடிகள் படார் படாரென்று உடைய ஆரம்பித்தன. பணியில் இருந்த காவலாளி கதவு கதவாகத் தட்டி, தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி வெளியே அனுப்பினார். சுவர்கள் விரிந்தன. விடிவதற்குள், 24 குடியிருப்புகள் கொண்ட அந்தக் கட்டடத்தில் ஒரு பெரும்பகுதி சரிந்து, சுமார் 30 மீட்டர் அகலக் குழிக்குள் இறங்கிவிட்டது. ஒருவருக்கும் காயமில்லை.

சரிந்த கட்டடத்தின் படம் உலகம் முழுக்கப் போனது. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, அப்புறம் விடுதித் தரப்பு சொன்ன ஒரு தகவல்: சுமார் 15 ஆண்டுகளுக்கு முன் கட்டும்போது நிலத்தைப் பரிசோதித்தோம், உறுதியாக இருக்கிறது என்றுதான் முடிவு வந்தது. இதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. நிலம் அன்று உறுதியாக இருந்திருக்கலாம். 15 வருடம் கழித்து இல்லாமலும் போயிருக்கலாம். இடைப்பட்ட காலத்தில் என்ன மாறுகிறது என்று தெரிந்துகொண்டால், ஒரு கடையையோ கிடங்கையோ ஹோட்டலையோ சிங்க்ஹோலிலிருந்து, அதாவது அடியில் இருக்கும் வெற்றிடத்துக்குள் தரை உள்வாங்குவதால் விழும் குழியிலிருந்து, காப்பாற்ற எங்கே பணம் செலவழிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பாறைக்கு அவசரமில்லை

ஃப்ளோரிடாவின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல்லும் அதன் உறவுக்கார டோலமைட்டும். மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக மண்ணிலிருந்தும், கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாகக் கீழே இறங்குகிறது. பாறையில் இருக்கும் விரிசல்களை அது அரித்து அகலப்படுத்துகிறது. விரிசல் பொந்தாகிறது, பொந்து குகையாகிறது. மாநிலத்தின் குடிநீரில் பெரும்பங்கு இந்தப் பொந்துகளிலும் இடுக்குகளிலும் நிற்கும் தண்ணீர்தான்.

இந்த அரிப்பெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுக் கணக்கு. ஒரு கட்டடத்தின் ஆயுள் ஐம்பது, அறுபது வருடம். அதற்குள் பாறையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கரைந்துவிடாது. பொந்து ஏற்கெனவே இருக்கிறது. நம் காலத்தில் நகர்வது அதற்கு மேலே இருக்கும் மண். அரிசி மூட்டையின் அடியில் ஓட்டை விழுந்தால் மேலே குழி விழுமே, அப்படி மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாகப் பொந்துக்குள் இறங்குகிறது.

மேலே வெறும் மணலாக இருந்தால் தரை மெதுவாகத் தணியும். கதவு சட்டத்தில் சிக்கும், செங்கல் சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும், வேலிக் கம்பம் சாயும். தொல்லைதான், ஆனால் கவனிக்க அவகாசம் உண்டு. மணலுக்கும் பாறைக்கும் நடுவே களிமண் இருந்தால்தான் ஆபத்து. களிமண் ஒட்டும் தன்மை கொண்டது. அடியில் மண் போனாலும் அது ஒரு வளைவுக் கூரைபோல நின்றுகொள்ளும். அந்தக் கூரைக்குக் கீழே வெற்றிடம் வருடக்கணக்கில் பெரிதாகிக்கொண்டே போகும், மேலே ஒரு அடையாளமும் தெரியாது. கூரை மெலிந்து தாங்க முடியாமல் போகும்போது எல்லாம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். டாம்பாவைச் சுற்றியுள்ள ஹெர்னாண்டோ, பாஸ்கோ, ஹில்ஸ்பரோ மாவட்டங்களில் சிங்க்ஹோல் புகார்கள் குவிந்து, அந்த வட்டாரத்துக்கே 'சிங்க்ஹோல் சந்து' என்று பெயர் வந்துவிட்டது.

இரண்டு பக்கமும் வேலை செய்யும் தண்ணீர்

மண்ணை நகர்த்துவது தண்ணீர். ஆனால் அது ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. பொந்து நிறையத் தண்ணீர் நிற்கும்போது மேலிருக்கும் மண்ணுக்கு அதுவே முட்டுக்கொடுக்கிறது. நீர்மட்டம் இறங்கினால் முட்டு போய்விடுகிறது. அதே சமயம் மேலிருந்து ஒரே இடத்தில் நிறையத் தண்ணீர் இறங்கினால், மண் கனத்துப்போகும். தளர்ந்த மண்ணைத் தண்ணீரே பொந்துக்குள் அடித்துக்கொண்டும் போகும். வறட்சி கெடுதல், வறட்சிக்குப் பின் வரும் பெருமழை அதைவிடக் கெடுதல்.

இதற்குச் சாட்சிகள் நிறைய. ஆர்லாண்டோவை ஒட்டிய வின்டர் பார்க்கில் 1981 மே மாதம் விழுந்த குழி, வறண்ட காலம் ஒன்றின் நடுவே வந்தது. சுமார் 100 மீட்டர் அகலம். ஒரு வீடு, நகராட்சி நீச்சல் குளத்தின் ஒரு பகுதி, சாலைத் துண்டுகள், கார் பட்டறை ஒன்றில் நின்ற சில போர்ஷே கார்கள் எல்லாம் உள்ளே போயின. இன்று அது ஒரு ஏரி. 2012 ஜூனில் டெபி என்ற வெப்பமண்டலப் புயல் நெடிய வறட்சிக்குப் பின் மழையைக் கொட்டியபோது, வட ஃப்ளோரிடாவின் லைவ் ஓக் ஊரில் கடைத்தெருப் பக்கமே பல குழிகள் விழுந்தன.

மனிதக் கை நேரடியாகத் தெரிவது 2010 ஜனவரியில் பிளான்ட் சிட்டியில் நடந்தது. அந்த வட்டாரம் ஸ்ட்ராபெரி விளைச்சலுக்குப் பேர்போனது. பதினோரு நாள் கடுங்குளிர் அடித்தது. உறைபனியிலிருந்து செடியைக் காப்பாற்ற விவசாயிகளுக்குத் தெரிந்த வழி, இரவு முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பது. தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் செடியைக் காக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டார்கள். நிலத்தடி நீர் அங்கே சுமார் 60 அடி இறங்கிவிட்டது. நூறுக்கு மேற்பட்ட சிங்க்ஹோல்கள், எழுநூறுக்கு மேற்பட்ட கிணறுகளில் தண்ணீர்ப் பிரச்சினை. குழி விழுந்த இடங்களின் சொந்தக்காரர்களில் பலருக்கு ஸ்ட்ராபெரியோடு ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஆக, நம் மனைக்கு ஆபத்து பக்கத்துத் தோட்டத்தின் மோட்டாரிலிருந்தும் வரலாம். அதை நாம் நிறுத்த முடியாது. ஆனால் நம் மனைக்குள்ளேயே நாம் செய்யும் காரியம் ஒன்று உண்டு. வியாபாரக் கட்டடங்களுக்கும் வீடுகளுக்கும் பெரிய வித்தியாசமே இங்குதான்.

கட்டடமே குழி தோண்டும் விதம்

ஒரு சூப்பர் மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூரையும் பார்க்கிங்கும் சேர்த்து 4,000 சதுர மீட்டர், அதாவது சுமார் ஒரு ஏக்கர் என்று வைப்போம். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழுவது ஒரு லட்சம் லிட்டர். கட்டடம் வருவதற்கு முன்பு அந்தத் தண்ணீர் ஏக்கர் முழுக்கப் பரவலாக மண்ணில் இறங்கியிருக்கும். இப்போது அதில் அநேகமாக முழுவதும் கூரைக் குழாயிலும் தார்த்தளத்தின் சரிவிலும் ஓடி ஒரு மூலைக்கு வருகிறது. அந்த மூலையில் மழைநீர்க் குட்டை. ஃப்ளோரிடாவில் பெரிய கட்டடம் எழுப்பினால் மழைநீரைத் தேக்கி மெதுவாக இறங்கவிடும் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும்; பெரும்பாலும் மாநிலத்தின் ஐந்து 'நீர் மேலாண்மை மாவட்டங்கள்' என்ற அரசு அமைப்புகள்தான் அதற்கு அனுமதி தருகின்றன. வெள்ளத்தைத் தடுக்கவும் தண்ணீர் தூய்மைக்கும் நல்ல விதிதான். ஆனால் பொந்துப் பாறைக்கு மேலே ஒரே இடத்தில் குழி வெட்டி, மேல்மண்ணை எடுத்துவிட்டு, அங்கேயே தண்ணீரைக் குவித்தால் என்ன ஆகும்? மழைநீர்க் குட்டைகளின் தரை திறந்துகொள்வது அந்த வட்டாரப் பொறியாளர்களுக்குப் பழகிப்போன காட்சி.

விதி எழுதியவர்களுக்கும் இது தெரியும். வட, மத்திய ஃப்ளோரிடாவில் செயின்ட் ஜான்ஸ் நதி நீர் மேலாண்மை மாவட்டம் சில பகுதிகளைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறது. அங்கே குட்டையின் அடிக்கும் சுண்ணாம்புப் பாறைக்கும் நடுவே குறைந்தது 3 அடி மண் இருக்க வேண்டும், ஆழம் 10 அடியைத் தாண்டக் கூடாது, ஒரு பெரிய குட்டைக்குப் பதில் பல சிறிய குட்டைகள் நல்லது என்றெல்லாம் கட்டுப்பாடு. என் கருத்தில், விதி கட்டாயமாக இல்லாத இடத்திலும் மனைக்காரர் இதையே பின்பற்றுவது நல்லது. இடம் இருந்தால் குட்டையைக் கட்டடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இடமில்லையென்றால் அடியில் தண்ணீர் இறங்காத விரிப்போ களிமண் பூச்சோ போட்டு, வழியும் நீரை வெளியே கொண்டுபோக வேண்டும்.

குட்டை கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் ஒழுகுவது அதைவிட மோசம். தரைக்கு அடியில் ஓடும் தீயணைப்புக் குழாய் எப்போதும் அழுத்தத்தில் இருப்பது. இணைப்பில் சின்னக் கசிவு வந்தாலும் இரவும் பகலும் ஒரே இடத்தில் மண்ணை அரிக்கும். புல்தரைக்குத் தண்ணீர் விடும் குழாய், கூரையிலிருந்து இறங்கும் குழாயின் உடைந்த முழங்கை, பழைய கழிவுநீர்க் குழாய் எல்லாம் இதே கதைதான். தண்ணீர் பில் காரணமில்லாமல் ஏறினால் கணக்குப் பிள்ளை கவனிப்பார். ஆனால் அவர் அதைப் பராமரிப்பு ஆளிடம் சொல்லும் பழக்கம் பல நிறுவனங்களில் இல்லை. கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது, கூரைத் தண்ணீரை அஸ்திவாரத்திலிருந்து தள்ளி விடுவது, தார்த்தளத்து விரிசல்களை அடைப்பது இதெல்லாம் ஆயிரங்களில் முடியும் செலவு. அஸ்திவாரத்தைச் சரிசெய்வது லட்சங்களில். டாலரில் சொல்கிறேன்.

எடையும் தண்ணீரும் சேர்ந்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2016 ஆகஸ்டில் மல்பெரி ஊருக்கு அருகே மொசைக் உர நிறுவனத்தின் நியூ வேல்ஸ் ஆலையில் நடந்ததைப் பார்க்கலாம். பாஸ்பேட் உரம் தயாரிக்கும்போது மிஞ்சும் ஜிப்சக் கழிவை அங்கே மலைபோலக் குவித்து, அதன் உச்சியில் ஆலைக் கழிவுநீரைத் தேக்கியிருந்தார்கள். மலைக்கு நடுவே சுமார் 45 அடி அகலத்தில் ஓட்டை திறந்து, 21 கோடி கேலனுக்கு மேல் அமிலத்தன்மை கொண்ட நீர் நிலத்தடி நீரோடு கலந்தது. அதே வளாகத்தில் 1994-லும் ஒரு பெரிய குழி விழுந்திருந்தது. அக்கம்பக்கத்தவருக்கு மூன்று வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது என்பதில் எழுந்த கோபம், குழியைவிட நீண்ட நாள் நிறுவனத்தைத் துரத்தியது.

துளை போடும் வண்டி சொல்வது

மனை வாங்கும் முன் மண்ணைப் பார்க்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எதை வைத்துப் பார்ப்பது என்பதில்தான் ஏமாற்றம். தரையை ஊடுருவும் ரேடாரை ஒரு தள்ளுவண்டியில் வைத்து மனை முழுக்க ஓட்டலாம். ஒரே நாளில் வேலை முடியும், விலையும் மலிவு. ஆனால் அதன் அலை ஈரக் களிமண்ணைத் தாண்டி அதிகம் போகாது. ஆபத்தே களிமண்ணுக்குக் கீழே என்கிறபோது, ரேடார் அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. மண்ணில் மின்சாரம் பாயும் தடையை அளக்கும் முறை இன்னும் ஆழம் போகும். இவை இரண்டும் எங்கே துளை போடலாம் என்று காட்டுபவை. தீர்ப்பு சொல்வது துளைதான்.

துளை போடும் இடத்தில் நின்று பார்த்தால் புரியும். நம்மூர்ப் பொறியாளர்களும் எஸ்.பி.டி. (ஸ்டாண்டர்ட் பெனட்ரேஷன் டெஸ்ட்) என்று சொல்லும், மண்ணின் கெட்டித்தன்மையை அளக்கும் அதே சோதனை. 63.5 கிலோ சம்மட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழல் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று எண்ணுகிறார்கள். கெட்டி மண்ணில் முப்பது, நாற்பது. தளர்ந்த மண்ணில் நாலு, ஐந்து. சில ஆழங்களில் அடிக்கவே வேண்டாம்; சம்மட்டியைக் கம்பியின் தலையில் வைத்ததுமே எல்லாம் சேர்ந்து தானாக உள்ளே போகும். எழுதுபவர் எண்ணுக்குப் பதிலாக 'சம்மட்டி எடை' என்று குறிப்பார். இன்னும் மோசமானால் சம்மட்டிகூட வேண்டாம், கம்பியின் எடைக்கே இறங்கும். துளைக்குள் விடும் சேற்றுநீர் வழக்கமாகச் சுற்றி மேலே திரும்பி வரும். திடீரென்று திரும்பாமல் போனால் அது ஏதோ ஒரு பொந்துக்குள் போகிறது என்று அர்த்தம். அறிக்கையின் முடிவுரையைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, துளைவாரியான பக்கங்களில் தானாக இறங்கியது, சேற்றுநீர் திரும்பாதது என்ற இந்த இரண்டு குறிப்பும் எந்த ஆழத்தில் வருகின்றன என்று பார்த்துவிடுங்கள். பாறைக்கு நேர் மேலே மட்டும் வந்தால் ஒரு கதை. மேலே மேலே ஏறிக்கொண்டே போனால், மண் இறங்க ஆரம்பித்துவிட்டது என்பது கதை.

கட்டடம் ஏற்கெனவே இருக்கிறது, வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள் என்றால் தினமும் அங்கே நடமாடுபவர்கள்தான் கருவி. சரக்கு அடுக்கும் உயரமான ரேக்குகள் தூக்குக்குண்டு விட்டால் சாய்வு காட்டுவது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் ஒரு இடத்தில் தரை பொள்ளென்று கேட்கிறது என்பது, பார்க்கிங்கில் முன்பு இல்லாத இடத்தில் வட்டமாகத் தண்ணீர் நிற்பது, கிணற்று நீர் திடீரென்று கலங்குவது. விரிசலின் இரு பக்கமும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதிவைப்பது பழைய வழி, இன்றும் அதைவிட மலிவானது இல்லை. பின்னால் இன்சூரன்ஸ் பேச்சு வரும்போது அந்தத் தேதி ரொம்ப உதவும்.

அடைப்பதும் தாங்குவதும்

வெற்றிடம் இருப்பது உறுதியானால் வழக்கமான வைத்தியம் கிரவுட்டிங். கட்டடத்தைச் சுற்றிச் சாய்வாகவும் நேராகவும் குழாய்களைப் பாறை வரை இறக்கி, கெட்டியான சிமென்ட் கலவையை அழுத்தத்தில் செலுத்திக்கொண்டே குழாயை அடி அடியாக மேலே இழுப்பார்கள். கலவை பாறையின் வாயை அடைக்கும், சுற்றியுள்ள தளர்ந்த மண்ணை நெருக்கும். மேல்மண்ணை மட்டும் கட்டிப்படுத்த ரசாயனக் கலவை செலுத்துவதும் உண்டு. அதை மட்டும் செய்துவிட்டு அடியில் இருக்கும் வாயை விட்டுவிட்டால் வேலை பாதிதான். குழி வெளியே திறந்திருந்தால், அடியில் பெரிய பாறைகள், அதன்மேல் ஜல்லி, அப்புறம் மணல் என்று நிரப்புவார்கள். தண்ணீர் போகும், மண் போகாது. கையில் கிடைத்த இடிபாட்டையும் குப்பையையும் கொட்டி மூடுபவர்கள் ஊர்க் குடிநீரில் கை வைக்கிறார்கள்.

இன்னொரு வழி, மண்ணை நம்பாமல் எடையைப் பாறைக்கே கொண்டுபோவது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் பவுலிங் கிரீனில், கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்றே இருக்கும் தேசிய கார்வெட் மியூசியத்தில் அப்படித்தான் செய்தார்கள். 2014 பிப்ரவரி 12 அதிகாலை, மியூசியம் திறக்கும் முன், காட்சிக்கூடத்தின் தரை உடைந்து எட்டு கார்வெட் கார்கள் உள்ளே விழுந்தன. கண்காணிப்பு கேமரா அதைப் படம் பிடித்து வைத்திருந்தது. கீழே பார்த்தால் ஒரு குகை. ஊரே குகைப் பிரதேசம்தான். மாமத் குகை தேசியப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. விஷயம் பரவியதும் கூட்டம் குறையவில்லை, கூடியது. எல்லோரும் குழியைப் பார்க்க வந்தார்கள். நிர்வாகம் குழியில் ஒரு பகுதியை அப்படியே காட்சியாக வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தது. அதற்கான சுவரும் பாதுகாப்பும் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்த்த பிறகு முழுக்க நிரப்பி, சிறு விட்டத் துளைக் கம்பங்களைக் கெட்டிப் பாறை வரை இறக்கித் தரையைத் தாங்க வைத்தார்கள். மூன்று கார்கள் சரிசெய்யப்பட்டன. மற்ற ஐந்து நசுங்கிய நிலையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. எல்லா வியாபாரிக்கும் இந்த யோகம் அமையாது.

பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது

அமெரிக்காவில் வணிகச் சொத்துக்கான பொதுவான இன்சூரன்ஸ் படிவம் நில அசைவுகளை மொத்தமாக விலக்கிவிட்டு, 'சிங்க்ஹோல் சரிவை' மட்டும் உள்ளே எடுத்துக்கொள்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. விளக்கத்தைப் படித்தால்தான் எல்லை தெரியும். சுண்ணாம்புக்கல்லிலோ டோலமைட்டிலோ தண்ணீரின் செயலால் உண்டான வெற்றிடத்துக்குள் நிலம் திடீரென்று இறங்க வேண்டும். குழியை நிரப்பும் செலவு இதில் அடங்காது. மனிதர் உண்டாக்கிய வெற்றிடத்துக்குள் இறங்கினாலும் அடங்காது.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் இதன் கனம் புரியும். 'திடீரென்று' என்பதால், மணல் பூமியில் வருடக்கணக்கில் மெதுவாகத் தணியும் கிடங்கு வெளியே நிற்கிறது. மனிதர் உண்டாக்கிய வெற்றிடம் என்றால் சுரங்கம், உடைந்த சாக்கடை, மெட்ரோ துளை எல்லாம். 2010-ல் குவாதமாலா நகரில் மூன்று மாடித் தொழிற்கூடம் ஒன்றை விழுங்கிய பிரமாண்டக் குழியை உலகமே சிங்க்ஹோல் என்றது. ஆனால் அங்கே அடியில் இருந்தது சுண்ணாம்பு அல்ல, எரிமலைச் சாம்பல் படிவு. குழாய்க் கசிவும் புயல் மழையும் அதை அரித்துவிட்டன. இந்தப் படிவத்தை அங்கே நீட்டினால் பணம் வராது. அதே படிவத்தின் இன்னொரு பக்கத்தில் காப்பீடு இல்லாத சொத்துகளின் பட்டியல் இருக்கிறது: நிலம், தோண்டி நிரப்பும் செலவு, நிலத்தடிக் குழாய்கள், அப்புறம் சாலை, நடைபாதை போன்ற தளம் போட்ட இடங்கள். பார்க்கிங் அதில் போய்விட்டது. சிங்க்ஹோல் வர அதிக வாய்ப்புள்ள குட்டை, குழாய், பார்க்கிங் ஆகியவற்றுக்குத்தான் காப்பீடு இல்லை. தனியாக எழுதி வாங்கினால் சிலவற்றைச் சேர்க்கலாம். கேட்காமல் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

ஃப்ளோரிடா சட்டம் தன் பங்குக்கு 'பேரழிவுத் தரைச் சரிவு' என்று ஒரு வகை வைத்திருக்கிறது. நான்கு நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேற வேண்டும்: தரை திடீரென்று இறங்க வேண்டும், பள்ளம் வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், அஸ்திவாரம் உட்படக் கட்டடத்துக்குக் கட்டமைப்புச் சேதம் இருக்க வேண்டும், அரசு அமைப்பு அதைக் குடியிருக்கத் தகாதது என்று அறிவித்து வெளியேற உத்தரவிட்டிருக்க வேண்டும். நான்காவதுதான் கழுத்தறுப்பு. பாதி தரை சாய்ந்தும் மறுபாதியில் வியாபாரம் நடத்த முடிகிற கடை இதில் தேறாது. அதற்கும் குறைவான சேதத்துக்கு, கூடுதல் பிரீமியம் கட்டித் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும்.

சட்டம் இவ்வளவு இறுகியதற்குக் காரணம் இருக்கிறது. 2006-லிருந்து 2010 வரை ஃப்ளோரிடாவில் இருபத்து நாலாயிரத்துக்கும் மேல் சிங்க்ஹோல் கிளெய்ம்கள் வந்தன. செலவு சுமார் 140 கோடி டாலர். சாதாரணச் சுவர் விரிசலுக்கெல்லாம் சிங்க்ஹோல் என்று பணம் வாங்கி, கட்டடத்தைச் சரிசெய்யாமலே விட்டவர்கள் நிறைய என்று இன்சூரன்ஸ் நிறுவனங்கள் முறையிட்டன. அது பொய்யும் அல்ல. 2011-ல் கட்டமைப்புச் சேதம் என்றால் என்ன என்று சட்டத்திலேயே அளவுகோல் எழுதப்பட்டது. சேதம் தெரிந்த இரண்டு ஆண்டுக்குள் கிளெய்ம் கொடுக்க வேண்டும் என்ற கெடுவும் வந்தது. பென்சில் தேதி உதவும் என்றேனே, அது இங்கேதான். கவனித்த நாளை நிரூபிக்க முடிந்தால் கெடு விஷயத்தில் வாக்குவாதம் குறையும். ஆனால் தேதி போட்டுவிட்டு மூன்று வருடம் சும்மா இருந்தால் அதே தேதி நமக்கு எதிராகத் திரும்பும்.

கடை மூடிக்கிடக்கும் நாட்களின் வருமான இழப்புக்கான காப்பீடும் இதே கயிற்றில்தான் தொங்குகிறது. மூலச் சேதம் பாலிசிக்குள் வந்தால்தான் வருமான இழப்பும் வரும்.

நம்மூரில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவின் வழக்கமான தீ விபத்துப் பாலிசியில் மனை உள்வாங்குவதும் நிலச்சரிவும் காப்பீட்டுக்குள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் புதுக் கட்டடம் படிவது, மேடாக்கிய நிலம் நகர்வது, கட்டுமானம் அல்லது தோண்டும் வேலையால் வரும் சேதம் எல்லாம் விலக்கு. சென்னை அண்ணா சாலையில் 2017 ஏப்ரலில் மாநகரப் பேருந்தும் ஒரு காரும் இறங்கிய பள்ளம், அடியில் மெட்ரோ சுரங்க வேலை நடந்த இடம். அப்படி ஒரு பள்ளம் ஒரு கடைக்குக் கீழே வந்தால், கடைக்காரர் தன் பாலிசியைவிட, தோண்டுபவரின் மூன்றாம் நபர் காப்பீட்டைத்தான் நம்ப வேண்டியிருக்கும். பக்கத்தில் தடுப்பு வேலி வைக்கும் அன்றே கட்டடத்தின் ஒவ்வொரு சுவரையும் படமெடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்வது, பின்னால் வக்கீல் வைத்து வாதாடுவதைவிட எளிது.

கடைசியாக, சரிசெய்த கட்டடத்தை வாங்குவது பற்றி. ஃப்ளோரிடாவில் சிங்க்ஹோல் கிளெய்ம் வாங்கிய சொத்தை விற்கும்போது, பணம் கிடைத்ததையும், அது முழுக்கச் சரிசெய்யவே செலவானதா என்பதையும் விற்பவர் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். இதைக் கேட்டதும் பலர் ஓடிவிடுகிறார்கள். எனக்கென்னவோ அது அவசரப்பட்ட முடிவு என்றே படுகிறது. ஒழுங்காகக் கிரவுட்டிங் செய்த கட்டடத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரோ பணம் செலவழித்துப் பார்த்துவிட்டார்கள். பக்கத்து மனையில் அதைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சான்றிதழ் ஒரு தாளோடு நிறுத்திக்கொள்ளாமல், கிரவுட்டிங் பதிவேட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு துளையிலும் எந்த ஆழத்தில் எவ்வளவு கலவை போனது என்று அதில் இருக்கும். எல்லாத் துளையும் சுமாராக ஒரே அளவு குடித்து, ஒன்றிரண்டு மட்டும் பல மடங்கு குடித்திருந்தால், அந்த மூலைக்கு மேலே எந்தக் கூரைக் குழாய் இறங்குகிறது, மழைநீர் எங்கே போகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.